மதகைத் தாண்டாத குதிரை

பிள்ளைகளே, செங்கல்பட்டு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் நீங்கள் மூன்று பேரும் ஓடிப்போய் ஜட்கா வண்டியில் ஏறிக்கொள்வீர்கள். நான் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்து வருவேன். "வண்டியில குலுங்கினா அப்பாவுக்கு முதுகு வலிக்கும்" என்று உங்கள் அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அது அவள் எனக்காகச் சொல்லும் பொய். என் முதுகு நன்றாகத்தான் இருக்கிறது. எனக்கு ஜட்காக் குதிரையைப் பார்த்தால் ஆகாது, அவ்வளவுதான். மூத்தவளே, நீ பிறந்து ஒன்றரை வருஷம் என்னோடு இல்லாமல் தாத்தா வீட்டிலேயே வளர்ந்தாய் என்று உனக்குத் தெரியும். ஏன் என்று நீ இரண்டு மூன்று தடவை கேட்டும் நான் சொன்னதில்லை. காரணம் ஒரு குதிரை. குதிரை மட்டுமே காரணமும் இல்லை. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான், எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

நீ பிறந்த மாசம் கேளம்பாக்கத்தில் ஒரு உப்பளத்தில் எனக்கு மேஸ்திரி வேலை கிடைத்தது. முதலாளிக்கு இரண்டு அளம். பெரிய அளம் கேளம்பாக்கத்தை ஒட்டி. சின்ன அளம் கால்வாயைத் தாண்டி, நெம்மேலிப் பக்கம் கடலோரமாக, நாலு மைல் தள்ளி. தினமும் இரண்டையும் பார்க்க வேண்டும். பாதி வழி கரை, பாதி வழி மணல். சைக்கிள் மணலில் அச்சு வரைக்கும் புதையும். எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரி குதிரையில்தான் போய் வந்தாராம்.

முதலாளி கேட்டார். "இன்னாய்யா, குதிர ஏறத் தெரியுமா?"

"தெரியுங்க" என்றேன்.

சின்ன வயசில் கொளவாய் ஏரிக்கு ஜட்காக் குதிரைகளைக் குளிப்பாட்டக் கொண்டு போவார்கள். கெஞ்சிக் கூத்தாடி முதுகில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். அதைத்தான் தெரியும் என்று சொன்னேன்.

"ஆறு மாசம் பாப்பேன். சரியா வேல செஞ்சா அளத்தாண்ட கீற ஓட்டு வூடு உனக்கு. பொண்டாட்டி புள்ளய கூட்டியாந்து வெச்சுக்கலாம். குதிரைய நீயே பாத்து வாங்கியா."

அந்த ஓட்டு வீடு ஒரே அறைதான். பின்பக்கம் ஒரு சார்ப்பு. எனக்கு அது அரண்மனை மாதிரி தெரிந்தது. அதுவரைக்கும் உப்பு மூட்டைகளுக்கு நடுவில் கோணியை விரித்துப் படுத்துக் கிடந்தேன். உன்னை மாசத்துக்கு இரண்டு தடவை பார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் என்னைப் பார்த்து வீறிட்டு அழுவாய்.

குதிரை வாங்க உங்கள் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் எழுதுகிறவர். குதிரைக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் சுழி பார்க்கத் தெரியும் என்று சொல்வார். உங்கள் உச்சந்தலையில் முடி சுழித்திருக்கிறது அல்லவா, குதிரைக்கு அதுபோல உடம்பில் பல இடத்தில் இருக்கும். இன்ன இடத்தில் இருந்தால் நல்லது, இன்ன இடத்தில் இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று நம் பக்கத்தில் பார்ப்பார்கள். சுழி பார்க்காமல் மாடும் வாங்க மாட்டார்கள், குதிரையும் வாங்க மாட்டார்கள்.

ஸ்டேஷன் பக்கத்தில் அண்ணன் தம்பி மூவர் மூன்று ஜட்கா ஓட்டினார்கள். அதில் ஒரு செம்பட்டைப் பொட்டைக் குதிரையை விற்பதாகச் சொன்னார்கள். தாத்தா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெற்றி, கழுத்து, வயிறு, தொடை என்று இஞ்ச் இஞ்சாகப் பார்த்தார். குனிந்து வயிற்றுக்கு அடியில்கூடப் போய் வந்தார். கண்ணுக்குக் கீழே மட்டும் மூன்று தடவை தடவிப் பார்த்தார். அங்கே சுழி இருந்தால் வீட்டில் அழுகை தீராதாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. கடைசியில் என் காதில், "சுழி சுத்தமா இருக்கு மாப்பிள்ளே, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்" என்றார். நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்கினேன்.

ஏறிப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். மூத்த அண்ணன் வெள்ளைக் குதிரை வண்டியில் ஒரு சவாரியை இறக்கிவிடப் போனார். அவர் பின்னாலேயே நான் செம்பட்டை மேல் போனேன். பூப்போல நடந்தது. ஊருக்குக் கொண்டு போகும்போதும் வண்டலூர் வரைக்கும் வைக்கோல் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அங்கிருந்து செங்கல் வண்டிகள். கேளம்பாக்கம் வரைக்கும் ஒரு சின்ன முரண்டு கிடையாது. நான் பாட்டுக்கு மேலே உட்கார்ந்து, ஓட்டு வீட்டில் தூளியை எந்தப் பக்கம் கட்டுவது என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை சின்ன அளத்துக்குக் கிளம்பினேன். பெரிய அளம் முடிகிற இடத்தில் ஒரு மதகு உண்டு. கடல் தண்ணீரைத் திறந்துவிடுகிற மதகு. அதற்கு அப்புறம் வெறும் கரை. ஆள் இல்லை, மரம் இல்லை, கண்ணுக்கு எட்டினவரைக்கும் வெயில். குதிரை மதகு வரைக்கும் வந்தது. நின்றது. குதிகாலால் இடித்தேன். இரண்டு அடி பின்னால் போனது. இன்னொரு இடி. சுற்றித் திரும்பி, வந்த வழியே லாயத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. இழுத்துத் திருப்பினேன். மறுபடியும் மதகு, மறுபடியும் நிறுத்தம். அன்று பத்து தடவையாவது மதகுக்கும் லாயத்துக்கும் போய் வந்திருப்போம்.

பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

"இன்னா அண்ணாத்த, எதையாச்சும் மறந்துட்டு போறியா?"

"குதிர வூட்ட பூட்டினோமா இல்லியான்னு பாக்க வருதுடா!"

"மேஸ்திரி, எறங்கி நீ அத்த தூக்கிக்கினு போயிடு, சீக்கிரம் போய்ச் சேரலாம்!"

கடைசியில் லாயத்தில் கட்டிவிட்டு நடந்தேதான் போனேன். போய்ச் சேரும்போது உச்சி வெயில். சின்ன அளத்துப் பெண்களுக்குத் தலைவி மாதிரி ஒரு அம்மாள் இருந்தாள். நெம்மேலிக்காரி, நல்ல வாய். என் செருப்பில் இருந்த மணலைப் பார்த்தாள்.

"குதிர மேஸ்திரி வராருன்னு சொன்னாங்களே. குதிர எங்க, வுட்டுட்டு மேஸ்திரி மட்டும் வந்துகீறாரு?"

நான் செருப்பைக் கழற்றி மணலைத் தட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிச் செங்கல்பட்டு போனேன். உன்னைப் பார்ப்பதற்கு முன்னால் நேராக ஜட்கா ஸ்டாண்டுக்குத்தான் போனேன். மூத்த அண்ணன் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் பாய், இப்படி ஏமாத்தலாமா? தனியா ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேங்குது."

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். "தனியாவா? தனியா எதுக்கு நைனா போவணும்?"

"அளத்துக்குப் போக வேண்டாமா?"

"அத்த நீ சொல்லவே இல்லியே. பொறந்ததுலேர்ந்து அது வெள்ளக் குதிர வாலப் பாத்தே நடந்துது. எங்க மூணு வண்டியும் ஒண்ணு பின்னால ஒண்ணுதான் போவும். முன்னால ஒண்ணு போவலைன்னா அதுக்கு ரோடே தெரியாது. நல்ல குதிர நைனா, கடிக்காது, ஒதைக்காது. அன்னிக்கு அவ்ளோ நேரம் வயித்துக்குக் கீழல்லாம் பூந்து பாத்தீங்களே, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"திருப்பி எடுத்துக்குங்க."

"வேற குதிர வாங்கி வண்டியில பூட்டிட்டேனே. நீ ஒரு கழுத வாங்கி முன்னால நடக்கவுடு. இவ பின்னாலயே வருவா."

அவர் கேலி செய்யவில்லை, யோசனையாகத்தான் சொன்னார். எனக்கு அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. வீட்டுக்குப் போய்த் தாத்தாவிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சுழி சுத்தம்தான். குதிரைதான் சரியில்லை" என்றார்.

அப்புறம் நான் செய்யாத வேலை இல்லை. வெல்லம் கொடுத்தேன். வெல்லத்தைத் தின்றுவிட்டு மதகில் நின்றது. கண்ணைத் துணியால் கட்டினேன். நின்ற இடத்தில் நடுங்கிக்கொண்டு சிறுநீர் விட்டது. ஒரு நாள் கொள்ளு வைக்காமல் பட்டினி போட்டு, அந்தப் பக்கம் கொள்ளுப் பையை வைத்துவிட்டு வந்து ஏறினேன். பையையே பார்த்துக்கொண்டு நின்றது. காது இரண்டும் முன்னால் நீட்டியிருக்கும், கால் மட்டும் நகராது. அதன் காதுக்கு அப்பால் எனக்கு ஒரு உலகமே தெரியும். அளம், கால்வாய், தூரத்தில் கடல். அந்த இரண்டு காதுக்கும் நடுவில் அதை எத்தனை தடவை பார்த்திருப்பேனோ தெரியாது. அங்கே மட்டும் போக முடியாது.

மதகு வழியாகத்தானே வராது, ரோட்டு வழியாகப் போய்ப் பார்க்கலாம் என்று ஒரு நாள் மாமல்லபுரம் ரோட்டில் கொண்டு போனேன். தெற்கே கொஞ்ச தூரம் போய்க் கிழக்கே திரும்பினால், கால்வாயைத் தாண்டிச் சின்ன அளத்துக்குப் போக ஒரு மரப்பாலம் உண்டு. வழக்கம்போல நின்றது. அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்தது. சிற்பம் பார்க்கப் போகிற குடும்பம். ரோடு அப்போது குண்டும் குழியுமாக இருக்கும், கார் ஆடி அசைந்துதான் போகும். என்னைத் தாண்டிப் போனதோ இல்லையோ, இந்தக் குதிரை அதன் பின்னாலேயே ஓட்டம் எடுத்தது! மரப்பாலத்துக்குத் திரும்பும் இடத்தில் லகானை இழுத்த இழுப்பில் என் உள்ளங்கை உரிந்தது. திரும்பவில்லையே. மாமல்லபுரம் வரைக்கும் அந்தக் காரின் புழுதியைத் தின்றுகொண்டு போனேன். கல் ரதங்களுக்குப் பக்கத்தில் கார் நின்றதும் இதுவும் பக்கத்தில் போய் நின்றது, ஒன்றாக வந்த சொந்தக்காரர் மாதிரி. காரிலிருந்து இறங்கிய அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "குழந்தைகளை ஒரு ரவுண்டு கூட்டிக்கிட்டுப் போவியாப்பா?" என்று கேட்டார்.

திரும்பி வரும்போது ஒரு விறகு வண்டி வடக்கே போகும் வரைக்கும் இரண்டு மணி நேரம் ரோட்டோரம் காத்திருந்தேன்.

கடைசியில் ஒரு வழி பிடித்தேன். சின்ன அளத்தில் நல்ல தண்ணீர் கிடையாது. தினமும் காலையில் ஒரு மாட்டு வண்டி பீப்பாயில் குடிதண்ணீர் கொண்டு போகும். அதன் பின்னால் போனேன். மதகு வந்தது. வண்டி தாண்டியது, குதிரையும் தாண்டியது, ஒன்றுமே நடக்காத மாதிரி. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதிலிருந்து தினமும் மாட்டு நடையில், பீப்பாய் சிந்துகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே போய் வருவேன். வண்டிக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னா மச்சான், புதுசா கல்யாணமான பொண்ணு மாதிரி பின்னாலயே வர்றியே!"

நான் அதைப் பொறுத்துக்கொண்டேன். முதலாளிக்கு மட்டும் தெரியாமல் ஆறு மாசத்தை ஓட்டிவிட வேண்டும். ஓட்டு வீடு கைக்கு வந்துவிட்டால் போதும்.

அதே சமயம் ஒரு காரியம் செய்தேன். உப்பை அம்பாரமாகக் குவித்து வைத்திருப்பார்கள். மழை வந்தால் தென்னங்கீற்றால் மூட வேண்டும். சின்ன அளத்தில் கீற்று வைக்கிற கொட்டகையில் கீற்று குறைந்துகொண்டே வந்தது. சிலர் தங்கள் வீட்டுக் கூரைக்கு எடுத்துப் போகிறார்கள் என்று தெரிந்தது. நான் பெரிய பூட்டாக வாங்கிப் போட்டேன். சாவி என் இடுப்பில். "யாராச்சும் பூட்டைத் தொட்டீங்க, அன்னிக்கே வேலை போயிடும்" என்று கத்தினேன். குதிரை கேட்காவிட்டாலும் ஆட்கள் கேட்கிறார்கள் என்று அன்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஐந்தாவது மாசம் முதலாளி வந்தபோது, "வூட்ட சுண்ணாம்பு அடிச்சி வெச்சிக்கோ" என்றார். நானே அடித்தேன். உள்ளே நடு உத்தரத்தில் தூளிக்கு ஒரு நல்ல கயிறு கட்டினேன். தாங்குமா என்று நானே அதில் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது. வருகிற மாசம் தயாராக இரு என்று உங்கள் அம்மாவுக்குக் கார்டு போட்டேன்.

வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் முதலாளி காரில் வந்து மதகுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. கோடை மழை. பெரிய அளத்தில் எல்லோரும் கீற்றைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"சின்ன அளத்துல மூடிட்டாங்களா?" என்றார்.

என் கை தானாக இடுப்புக்குப் போனது. சாவி இருந்தது.

"இதோ போறேங்க."

"குதிரைல போய்யா, சீக்கிரம்."

தண்ணீர் வண்டி காலையிலேயே போய்த் திரும்பிவிட்டது. காருக்கு அந்தப் பக்கம் வழி கிடையாது. குதிரையைக் கொண்டு வந்து, அவர் கண் முன்னால் ஏறினேன். மதகு வரைக்கும் வந்தது. நின்றது.

அந்த நேரத்தில் நான் செய்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இறங்கி ஓடியிருக்க வேண்டும். அப்போது என் கால் நல்ல கால். முக்கால் மணி நேரத்தில் போயிருப்பேன், மழைக்கு முன்னால். ஆனால் முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை ஏறத் தெரியும் என்று அவரிடம்தான் சொன்னேன். இறங்கினால் எல்லாம் தெரிந்துவிடும், வீடு போய்விடும் என்று நினைத்தேன். கையில் இருந்த புளியம் விளாரால் அடித்தேன். சுற்றியது. மறுபடியும் அடித்தேன். உப்பு வாருகிறவர்கள்கூட அன்று கேலி செய்யவில்லை. அதன் தொடையில் கோடு கோடாக ரத்தம் வந்தது. விளார் ஒடிந்தது. அப்போதும் இறங்கவில்லை, வெறுங்கையால் கழுத்தில் குத்தினேன். அரை மணி நேரம் இருக்கும்.

"எறங்குய்யா, போதும்" என்றார் முதலாளி.

இறங்கினேன். லகானைப் பிடித்து இழுத்துக்கொண்டு மதகின் மேல் நடந்தேன். பிள்ளைகளே, அது என் பின்னால் வந்தது! கன்றுக்குட்டி மாதிரி, என் முதுகில் மூச்சு விட்டுக்கொண்டு வந்தது. முன்னால் ஒன்று போக வேண்டும், அவ்வளவுதான் அதற்கு. அது நானாக இருந்தாலும் போதும் என்று ஐந்து மாசமாக எனக்குத் தோன்றவே இல்லை. ஏறி உட்கார்ந்து ஓட்டத்தான் நான் வாங்கினேன், அந்த ஒரே நினைப்பு. நான் ஓடினேன், அது ஓடியது, முதுகு காலியாக. பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது.

சின்ன அளத்தில் பெண்கள் எல்லோரும் கொட்டகை வாசலில் நனைந்துகொண்டு நின்றார்கள். ஐந்து அம்பாரம். ஒன்றின் மேல் தங்கள் பழம்புடவைகளையும் கோணிகளையும் போட்டிருந்தார்கள். மற்ற நாலும் கரைந்து, பால் மாதிரி ஓடிக்கொண்டிருந்தன. அவர்கள் ஒரு மாசம் வெயிலில் வாரிய உப்பு.

"பூட்ட ஒடைக்க வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

அந்த நெம்மேலி அம்மாள் என்னைப் பார்த்தாள். அன்று அவள் வாயில் கேலி இல்லை.

"ஒடைக்கலாம்னு நான்தான் சொன்னேன். இவளுங்க பயந்துக்கினாளுங்க. தொட்டா வேல பூடும்னு நீதானே சொன்ன?"

சாவியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தாள்.

"இப்ப இன்னாத்துக்கு இது?" என்றாள். என்றாலும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

திரும்பி வந்தபோது மழை விட்டிருந்தது. முதலாளி காருக்குள் உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் நடக்க, குதிரை பின்னால் வந்தது. எல்லாவற்றையும் சொன்னேன். மாட்டு வண்டியையும் மறைக்கவில்லை. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"ஒரு குதிரைய ஏமாத்தறதுக்கே அஞ்சு மாசம் வேல செஞ்சிருக்க. அத்த என்னாண்ட மொதல் நாளே சொல்லியிருந்தா வேற குதிர வாங்கியிருப்போம்" என்றார். அப்புறம், "வேல இருக்கட்டும். வூட்ட தண்ணி எறைக்கிற இஞ்சின் டிரைவருக்குக் குடுத்துர்றேன். நாளைக்கு சாமான் எடுத்தார சொல்றேன். உனக்கு அடுத்த வருசம் பாக்கலாம்" என்றார்.

கார் போய்விட்டது. எனக்குக் குதிரை மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. அடித்தது தப்பு என்று இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு, ரத்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே, இன்னும் இரண்டு போடலாமா என்றுதான் இருந்தது. அது பாட்டுக்கு என் சட்டைப் பையில் வெல்லம் இருக்கிறதா என்று மோந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அதை லாயத்தில் கட்டிவிட்டு ஓட்டு வீட்டுக்குப் போனேன். சாயங்கால வெளிச்சம் இன்னும் இருந்தது. சுண்ணாம்பு வாசனை போகவில்லை. மழைத் துளி ஒரு இடத்தில் ஒழுகியிருந்தது, அதைத் துணியால் துடைத்தேன். ஒரு சாக்கு மூட்டையை இழுத்துப் போட்டு மேலே ஏறி, உத்தரத்தில் கட்டிய தூளிக் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தேன். நானே தொங்கிப் பார்த்த முடிச்சு. நகம் கிழிந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு லாயத்துக்குத் திரும்பினேன். நல்ல தண்ணீர்க் குடத்திலிருந்து ஒரு செம்பு மொண்டு குதிரையின் தொடையைக் கழுவினேன். பிறகு தூளிக் கயிற்றின் ஒரு முனையை அதன் கழுத்தில் கட்டி, மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு, மதகைத் தாண்டிக் கொஞ்ச தூரம் முன்னால் நடந்தேன்.